கூடப்பிறந்த ரெஃப்ரி

சொந்தத் தம்பி வயித்துல அடிச்ச மனுஷனுக்கு நான் எதுக்குக் காபி கலந்து தரணும்? தரமாட்டேன்னுட்டேன். கோமதி மன்னியே அடுப்படிக்கு வந்து, என் முகத்தைப் பாக்காம, அவ புருஷனுக்குக் கலந்து எடுத்துண்டு போனா.

மன்னியைச் சொல்லிக் குத்தமில்லை. எல்லாம் வெங்கட் அண்ணா பண்ணினது. என் ஆத்துக்காரர் அக்ஷயோட கூடப்பிறந்த அண்ணா.

அக்ஷய் ஸ்னூக்கர் ஆடறவன். இன்னிக்குக் காலம்பற பாலிகஞ்ச் பக்கம் ஒரு கிளப்ல மாநிலப் போட்டி செமி ஃபைனல். ஜெயிச்சா பெங்கால் டீம். டீம்ல பேர் வந்தா ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல ஒரு சர்க்கார் கம்பெனி வேலை. அந்த வேலைக்கு வயசு வரம்பு அவனுக்கு இந்த வருஷத்தோட தீர்ந்துடறது. விட்டா, ஆயுசுக்கும் பணக்கார வீட்டுப் பிள்ளைகளுக்குக் கோச்சிங் குடுத்துண்டு, ஆடற கோல், அந்த க்யூ இருக்கற பையைத் தோள்ல மாட்டிண்டு டாலிகஞ்ச்லேர்ந்து மெட்ரோ ஏற வேண்டியதுதான்.

ரெஃப்ரியா வரவேண்டியவர் காய்ச்சல்னு வரலை. அண்ணாவுக்கு ரெஃப்ரி லைசென்ஸ் உண்டு. கிளப்காரா எதிர்ல ஆடற பெங்காலிப் பையன்கிட்டக் கேட்டா, அண்ணா நின்னா சம்மதமான்னு. "வெங்கட்தா நின்னா எனக்கு என்ன கவலை"ன்னுட்டான் அவன். பெங்காலியில 'தா'ன்னா அண்ணா. எனக்கு உள்ளுக்குள்ள ஒரே சந்தோஷம். பகவானாப் பாத்து அனுப்பினார்னு நெனச்சேன்.

கடைசி ஃப்ரேம். அக்ஷய் முன்னாடி இருந்தான். இன்னும் நாலஞ்சு பந்து உள்ள போனா முடிஞ்சுது. அண்ணா வெள்ளைக் கையுறையோட மேஜையோட அந்தக் கோடியில நின்னுண்டிருந்தார். இந்தப் பக்கம் அக்ஷய் பிங்க் பந்துக்கு மேல குனிஞ்சு, எட்டி, தூரத்துச் சிவப்பை அடிச்சான். நேரா பாக்கெட்ல விழுந்தது. நான் கை தட்டினேன்.

அண்ணா ஸ்கோர் சொல்லலை. அக்ஷயையே பாத்துண்டு நின்னார். "அக்ஷய்?"னு மட்டும் கேட்டார். அவன் க்யூ நுனிக்கு சாக் தடவிண்டே, அடுத்ததா ப்ளாக் பந்துன்னான்.

"ஃபவுல்"னார் அண்ணா. குனிஞ்சப்போ அக்ஷயோட வெயிஸ்ட்கோட் பிங்க் பந்துல பட்டுடுத்தாம். எதிராளிக்கு ஆறு பாயிண்ட். அந்தப் பையன் எழுந்து வந்து மிச்சப் பந்து அத்தனையும் உள்ள தள்ளி, மேஜையைத் தொடச்ச மாதிரி பண்ணி ஜெயிச்சுட்டுப் போயிட்டான்.

இந்த ஆட்டத்துல துணி பந்துல பட்டாக்கூட ஃபவுல்தான், எனக்கும் தெரியும். யாரும் பாக்காட்டாலும் பட்டவனே கையைத் தூக்கிச் சொல்லிடணும், அது இவாளோட மரியாதை. பட்டிருந்தா அக்ஷய் சொல்லியிருக்க மாட்டானா? அங்க அவன் வாயே திறக்கலை, கை குலுக்கிட்டு வந்துட்டான், அவ்வளவு பெரிய மனுஷன். டாக்ஸியில ஏறினப்பறம்தான் கத்தினான். அண்ணாவுக்குக் கண்ணு அவிஞ்சு போச்சுன்னான், பொறாமைன்னான்.

பொறாமை இல்லாம என்ன? அண்ணாவும் ஒரு காலத்துல ஸ்டேட் சாம்பியன். மாமனார் தவறினதும் க்யூவைத் தம்பி கையில குடுத்துட்டு பேங்க்ல சேர்ந்தவர். தான் போகாத இடத்துக்குத் தம்பி போறான்னா உள்ளுக்குள்ள எரியத்தான் எரியும்.

இதை நான் மனசுல வெச்சுக்கலை. கூடத்துல, மன்னி எதிர்லயே சொன்னேன். ஊர்ல நல்ல பேர் வாங்கறதுக்கு உங்க தம்பிதான் கிடைச்சானான்னு கேட்டேன். அடுத்த மாசம் நாங்க தனியாப் போறோம்னும் சொல்லிட்டேன். மன்னி அழுதா. அண்ணா எழுந்து பால்கனிக்குப் போயிட்டார்.

எனக்கு அப்பவும் ஆறலை. பின்னாடியே போனேன். பக்கெட்ல கையுறையை அலசிண்டிருந்தார்.

"அண்ணா, சுவாமிக்குப் பொதுவாச் சொல்லுங்கோ. அது பட்டதை நீங்க உங்க கண்ணால பாத்தேளா?"

கையுறையைப் பிழிஞ்சு கொடியில போட்டார்.

"பாக்கலைம்மா. நான் அந்தக் கோடியில நின்னேன். அவன் உடம்பு மறைச்சுடுத்து."

பாக்காமலே ஒரு குடும்பத்தைக் கவுத்திருக்கார் மனுஷர். அப்பறம் எதுக்குச் சொன்னேள்னு கேட்டேன்.

"அவனே சொல்லுவான்னு காத்துண்டிருந்தேன்"னார்.

என்ன பதில் இது? பாக்கவே இல்லையாம், இவன் வேற சொல்லணுமாம். அவர் கையால குடுத்த க்யூவுக்கு இப்படியா வட்டி வாங்கறது? விடறதில்லைன்னு உள்ள வந்தேன்.

அக்ஷய் தோசை சாப்பிட்டுண்டிருந்தான். பாதித் தோசையில இருந்தவனை எழுந்திருன்னேன். அசோசியேஷனுக்கு இப்பவே ஃபோன் பண்ணு, ஆட்டத்தைத் திரும்ப நடத்தச் சொல்லு, லைசென்ஸ் போனாலும் போகட்டும்னேன்.

"இவ்வளவு நேரம் என்னைக் கத்த விட்டுட்டு நல்லவர் மாதிரி உக்காந்திருந்தாரே, இப்ப அவர் வாயாலயே சொல்லிட்டார் அக்ஷய். உங்க அண்ணா எதையுமே பாக்கலையாம். சும்மா சொல்லியிருக்கார்."

அக்ஷய் விண்ட தோசையைத் தட்டுலயே போட்டுட்டு என்னைப் பாத்தான்.

"பாக்கலையா? அப்பறம் எப்படி அண்ணாவுக்குத் தெரிஞ்சுது?"