ஸ்டெப் மாறாத ஜோடி

பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டை நோக்கிச் சுந்தரேசனும் தமயந்தியும் நடந்துகொண்டிருந்தபோது, முதுகுக்குப் பின்னால் ஒரு குரல் அதட்டியது. "லெஃப்ட்... ரைட்... லெஃப்ட்!"

சைக்கிளைத் தள்ளியபடி ஹவில்தார் பலராமன். எண்பத்திரண்டில் ஆவடி என்.சி.சி. முகாமில் இருவருக்கும் டிரில் கற்றுக்கொடுத்தவர்.

"ரொம்ப நேரமா பின்னாடியே வந்துகினு கீறேன், ஒரு ஸ்டெப்பு கூட மாறலியே! இந்த லெஃப்ட் ரைட்டு சோறு போடுமான்னு அன்னிக்குக் கேட்டியேம்மா, இப்ப பாத்தியா, ஜோடியே சேத்து வெச்சிருச்சு!"

"ஆமா சார்," என்றாள் தமயந்தி. உச்சி வெயில்கூட அவளுக்கு உறைக்கவில்லை.

"உங்க கல்யாணத்துக்குத்தான் வர முடியல. இன்னா இம்மாந்தூரம்?"

"ஒரு வேலை இருந்தது சார். முடிஞ்சிருச்சு," என்றான் சுந்தரேசன்.

"டிரில் கத்துக்கினவங்க கடைசி வரைக்கும் சேர்ந்தே நடப்பாங்க. நல்லா இருங்க!" மனிதர் பூரித்துப்போய் சைக்கிளில் ஏறிக்கொண்டார்.

பஸ் ஸ்டாண்டு வந்ததும் இருவரும் ஒரே நொடியில் நின்றார்கள்.

"விவாகரத்துத் தீர்ப்போட நகல் ரெண்டு வாரத்துல கிடைச்சிடும்னு வக்கீல் சொன்னார்," என்றான்.

அவள் தலையாட்டினாள்.

அவன் திருவள்ளூர் பஸ்ஸுக்கும் அவள் ஆவடி பஸ்ஸுக்குமாகத் திரும்பினார்கள்.

இருவருக்கும் இடது கால்தான் முதலில் எழுந்தது.