க்ரோக் மிஸ்யூவின் ஒரே ரசிகர்

ரொட்டிக்கு நடுவில் ஹாமும் சீஸும் வைத்து, மேலே வெள்ளை சாஸ் ஊற்றிச் சுட்டெடுத்தால் அதுதான் க்ரோக் மிஸ்யூ என்கிற பிரெஞ்சு சாண்ட்விச். அதை விற்கும் ஒரு சின்ன கஃபேயில் முதலாளியே சமையல்காரரும். கல்லாவில் மனைவி. நிரந்தர வாடிக்கையாளர் என்று பார்த்தால் ஒரே ஒருவர்.

அவர் தினமும் ஒரு க்ரோக் மிஸ்யூ வாங்குவார். மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அதைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். "பிரமாதம்!" என்று பொட்டலம் கட்டிக்கொண்டு போய்விடுவார்.

"பார்த்தியா, ரசனையுள்ள மனுஷன்!" என்றார் முதலாளி.

"இங்க உக்காந்து ஒரு வாய்கூடச் சாப்பிட்டதில்லையே?" என்றாள் மனைவி.

"வீட்ல போய் நிதானமா ரசிப்பாரா இருக்கும்."

அப்படிப்பட்ட ரசிகருக்கு ஏதாவது செய்ய வேண்டாமா? முதலாளி சமையல் வீடியோவாகப் பார்த்துத் தள்ளி, சாஸைக் கட்டிதட்டாமல் கிண்டினார். சீஸைக் கருகவிடாமல் பொன்னிறத்தில் எடுத்தார். கல்யாணமானதிலிருந்து முதல் தடவையாக மனைவி விரலை நக்கினாள்.

ரசிகர் வந்தார், பார்த்தார். முகம் தொங்கிப்போயிற்று.

"என்ன சார், இப்படிப் பண்ணிட்டீங்க?"

"நல்லா இல்லையா?"

"நல்லா இருக்கு. அதான் சார் சிக்கலே! நான் சமையல் கல்லூரியில வாத்தியார். சாஸ்ல கட்டி, மேல கருகல், அடியில சொதசொதப்பு... என்னென்ன செய்யக் கூடாதோ அத்தனையும் ஒரே சாண்ட்விச்ல பசங்களுக்குக் காட்ட, இனி நான் எங்க போவேன்?"

கல்லாவில் மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"மறுபடியும் பழைய மாதிரி செய்ய வருமா சார்?"

இருப்பது ஒரே வாடிக்கை. ரோஷம் பார்த்தால் கடையை மூட வேண்டியதுதான். முதலாளி நெஞ்சை நிமிர்த்தினார்.

"உக்காருங்க சார். அது எனக்குக் கைவந்த கலை!"