ஆசிப்பின் ராஜினாமா

ஆறு மாதமாகவே மேனேஜர் சேதுராமன் ஆசிப்பை எல்லோர் முன்னாலும் திட்டிக்கொண்டிருந்தார். ஆசிப்புக்குத் தூக்கம் போனது. வீட்டில் மனைவி சாதிகாவிடம் எரிந்து விழுந்தான். கோரிப்பாளையம் சிக்னலில் முன்பின் தெரியாத ஒருவனின் சட்டையைப் பிடித்தான்.

"உனக்கெல்லாம் சம்பளம் ஒரு கேடா?" என்றார் மேனேஜர் இன்று.

ஆசிப் எழுந்தான். "போதும் சார்! நீங்களும் வேணாம், உங்க வேலையும் வேணாம்!"

ராஜினாமாவை எழுதி, அவர் மேசையில் வீசிவிட்டு வெளியேறினான்.

உடன் வேலை பார்க்கும் பாண்டிமீனா கொதித்துப்போனாள். "எம்புட்டு நாள்தான் சார் ஆசிப் அண்ணே பொறுப்பாரு? நீங்க மனுசனா?"

அவள் போனதும் மேனேஜர் கதவைச் சாத்திவிட்டு, தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டார்.

"சார், நீங்க சொன்ன மாதிரியே அவனே எழுதிக் குடுத்துட்டான். நாமளா அனுப்பியிருந்தா நஷ்டஈடு, கேஸுன்னு அலையணும். அடுத்து பாண்டிமீனாதானே? நாளைக்கே ஆரம்பிச்சிடுறேன்."