பின்பக்கத்து ஃபேன்

முன்பக்கம் காட்டிய ஊதுபத்தியின் புகை, கம்ப்யூட்டர் பெட்டிக்குள் சமர்த்தாகப் போனது.

அங்கே இருந்த இரண்டு ஃபேனும் இழுத்துக்கொண்டன. அதில் வானதிக்குக் குறையொன்றும் தெரியவில்லை.

பத்தியைப் பின்பக்கம் கொண்டுபோனாள். அங்கே இருக்கும் ஒற்றை ஃபேன், உள்ளே சேர்ந்த சூட்டை வெளியே தள்ள வேண்டியது. புகை முகத்தில் அடிக்கும் என்று கண்ணைச் சுருக்கிக்கொண்டு காத்திருந்தாள்.

அடிக்கவில்லை. வளைந்து நெளிந்து அதுவும் உள்ளேயே போயிற்று.

இன்னொரு தடவை காட்டினாள். அப்போதும் உள்ளேதான்.

கோபம் வரவேண்டிய நேரம். அவளுக்கோ ஆச்சரியம்தான் முதலில் வந்தது. மூன்றும் உள்ளே ஊதினால் சூடு எந்த வழியாகத்தான் போகும்? வாய்க்காலையெல்லாம் திறந்துவிட்டு வடிகாலை அடைத்த வயல் மாதிரி, பெட்டிக்குள் வெக்கை தேங்கி நின்றிருக்கிறது. நாலைந்து நாளாகப் படம் பாதியில் இருக்கும்போதே கம்ப்யூட்டர் பொட்டென்று அணைந்துபோவது இதனால்தான்.

படம் என்றால் வீட்டுப் படம். சென்னையில் இன்னும் கட்டாத அடுக்குமாடி வீடுகளுக்குள் சோபா போட்டு, திரைச்சீலை மாட்டி, ஜன்னல் வழியே கொஞ்சம் வெயிலையும் விட்டு, அசல் வீடு போலவே செய்து கொடுப்பது அவள் வேலை. திருவையாற்றுக்குப் பக்கத்துக் கிராமத்தில் உட்கார்ந்தபடியே செய்கிறாள். ஒரு படத்தைக் கம்ப்யூட்டர் முடித்துத் தர மணிக்கணக்காகும்.

இந்த வாரம் இரண்டு படங்கள் தவறிவிட்டன. அடுத்தது இன்று சாயங்காலத்துக்குள் போகாவிட்டால் வேலையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவதாகக் கம்பெனியில் தன்மையாகவே சொல்லிவிட்டார்கள். தன்மையாகச் சொன்னதுதான் அவளைப் பயமுறுத்தியது.

சரி, ஃபேன் தானாகவா திரும்பிக்கொள்ளும்?

அதை மாட்டியவள் அவளேதான். இத்தனை நாள் ஒழுங்காக வெளியேதான் ஊதிக்கொண்டிருந்தது. வீட்டில் இருப்பது இரண்டே பேர். அவள் ஒருத்தி, அப்பா ஒருத்தர்.

அப்பா தியாகராசனுக்கும் கம்ப்யூட்டருக்கும் ஆகாது. சொந்தக்காரர் யாராவது போனில் பெண் என்ன செய்கிறாள் என்று கேட்டால், வீட்டில் சும்மாதான் இருக்கிறாள் என்பார். அதையும் அவள் காதில் விழும்படியே சொல்வார். அந்தச் சும்மா ஒவ்வொரு முறையும் அவளுக்குச் சுருக்கென்று தைக்கும்.

போன வாரம் தோழி லத்தீஃபாவின் கல்யாணத்துக்கு நாகப்பட்டினம் போய்ச் சில நாள் தங்கியிருந்தாள். வந்த பிறகுதான் இந்தக் கோளாறு. அப்படியானால் வேண்டுமென்றே செய்ததுதான். பெற்ற மகளின் பிழைப்பில் போய்க் கையை வைப்பாரா ஒரு மனிதர்? நினைக்கவே அவளுக்கு மனம் கசந்துபோயிற்று.

கம்ப்யூட்டரை அணைத்து, வயர்களைப் பிடுங்கி, பெட்டியின் பின்பக்கத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினாள். ஃபேனின் கம்பி வலைக்குப் பின்னால் எதுவோ மஞ்சளாகத் தெரிந்தது. குனிந்து பார்த்தாள்.

சந்தனம். அதன் நடுவில் குங்குமம்.

இறக்கைகள் கூடும் வட்டத்தில், விரல் ரேகை பதிய அழுத்தி வைத்த பொட்டு. காய்ந்து ஓரம் வெடித்திருந்தது.

பத்தி வாசம் பிடித்துக்கொண்டு அப்பா அறை வாசலுக்கு வந்தார். இன்றைக்கு வெள்ளிக்கிழமைகூட இல்லையே என்கிற பார்வை.

“இந்த ஃபேனைக் கழட்டுனீங்களாப்பா?”

“ஆயுத பூசைக்குத் தூசி தட்டிப் பொட்டு வைக்கலாம்னு கழட்டுனேன். எந்தப் பய மாட்டுனானோ, மூஞ்சிய உள்ள வெச்சு முதுக வெளிய காட்டி மாட்டியிருந்தான். நான்தான் சரியா திருப்பி வெச்சேன்.”

அந்தப் பய தான்தான் என்று வானதி சொல்லவில்லை.

அவர் பேச்சிலும் நியாயம் இருந்தது. ஃபேனுக்கு ஒரு பக்கம் இறக்கையெல்லாம் தெரிய வழவழவென்று இருக்கும். மறுபக்கம் குறுக்குச் சட்டமும் வயருமாகக் கிடக்கும். யாரும் அழகான பக்கத்தைத்தான் முகம் என்பார்கள். பொட்டு வைத்த முகத்தை உள்ளே திருப்பி வைக்க யாருக்கு மனம் வரும்? காற்று அந்த முகத்தின் வழியே நுழைந்து முதுகின் வழியே வெளியேறும் என்று அவருக்கு யார் சொன்னது?

கோபம் போன இடம் தெரியவில்லை. ஸ்க்ரூக்களைக் கழற்றி, பொட்டு கலையாமல் ஃபேனைத் திருப்பினாள்.

“மறுபடியும் மூஞ்சிய மறைக்கிறியே” என்றார் அப்பா, மனத்தாங்கலாக.

“உள்ள பாத்தாத்தான்பா இதுக்கு வேலை ஓடும்.”

கம்ப்யூட்டரைப் போட்டாள். பத்தியைப் பின்பக்கம் காட்டியதும் புகை நேராக அப்பாவின் முகத்தில் போய் அடித்தது. அவர் இருமிக்கொண்டே நகர்ந்தார். படத்தை மறுபடி ஓட விட்டாள். சாயங்காலத்துக்குள் முடிந்துவிடும்.

ஒன்று மட்டும் அவளுக்கு விளங்கவில்லை. அப்பா கண்டதற்கெல்லாம் பொட்டு வைக்கிறவர் இல்லை. டிவிக்கு வைத்ததில்லை. அவளுடைய ஸ்கூட்டிக்கு வைக்கச் சொல்லிக் கேட்டபோதுகூட, அது ஊர் சுற்றுகிற வண்டி, வீட்டுக்குச் சோறு போடுகிற சாமானுக்குத்தான் பொட்டு என்று கறாராகச் சொல்லிவிட்டார். அப்படிப்பட்டவர் சும்மா இருக்கிறவளின் பெட்டிக்கு எதற்காக வைத்தார்?

கேட்க வாயெடுத்தாள். அதற்குள் அவளுக்கே உறைத்துவிட்டது.

இடுப்பு ஆபரேஷனுக்குப் பிறகு அப்பா வயலில் இறங்கவில்லை. டிராக்டரை ஆவணியிலேயே விற்றாகிவிட்டது. நிலமும் மோட்டாரும் பக்கத்து வயல் துரைராசுவிடம் குத்தகைக்குப் போய்விட்டன. பூசையன்று, சந்தனக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வழக்கம்போல டிராக்டர் நின்ற கொட்டகைக்குப் போனவர், அங்கே பொட்டு வைக்க ஒன்றுமில்லாமல் திரும்பி வீட்டுக்குள் வந்திருக்கிறார்.