கடலைத் துகள்

கடைகளிலிருந்து திரும்பி வந்த பிஸ்கட் பெட்டிகள் தொழிற்சாலை வாசல் வரை அடைத்துக்கொண்டு நின்றன. சாதா பிஸ்கட்டில் வேர்க்கடலை கலந்துவிட்டதாம். உறையில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இயந்திரத்தைப் பஞ்சால் துடைத்து, அந்தப் பஞ்சைச் சோதித்துக் கண்டுபிடித்தவள் ஆய்வகத்துப் பெண்.

"கடலை ஒத்துக்காத குழந்தை தின்னிருந்தா என்ன ஆயிருக்கும்? கம்பெனி மானத்தை நீ காப்பாத்திட்டேம்மா," என்றார் மேலாளர்.

அவள் தலை நிமிரவில்லை. பக்கத்தில், இயந்திரம் கழுவும் அண்ணன் நின்றிருந்தார்.

"அதே மெஷின்ல கடலை பிஸ்கட் ஓட்டி முடிச்சதும் நல்லாத்தான் கழுவினேன் சார்."

"அப்போ கடலை என்ன, றெக்கை கட்டிப் பறந்து வந்துச்சா? நாளையிலேர்ந்து வராதே."

அண்ணன் தலைத்தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். அவள் கண் கலங்கியிருப்பதைப் பார்த்துவிட்டார்.

"நீ ஏம்மா அழறே? உன் வேலையை நீ பார்த்தே. எனக்குத்தான் வயசாயிடுச்சு, எங்கேயோ விட்டுட்டேன்."

அதற்குமேல் அவளால் தாங்க முடியவில்லை.

"சார், திரும்பி வந்த பாக்கெட்டை இன்னைக்குப் பிரிச்சுச் சோதிச்சேன். ஒண்ணுலயும் கடலை இல்லை."

"மெஷின்ல இருந்துச்சேம்மா?"

"அன்னைக்கு மெஷினைப் பஞ்சால துடைச்சு எடுக்கப் போற வழியில, தட்டுல உடைஞ்சு கிடந்த கடலை பிஸ்கட் ஒண்ணைத் தின்னேன் சார். கையுறையும் போடலை."

மேலாளர் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார்.

"அப்போ மெஷினைக் கழுவாம விட்டது..."

"அண்ணன் கழுவிட்டார் சார். நான்தான் கையைக் கழுவலை."