மிக்கேல் போட்டுக் கொடுத்த திட்டம்

மெயின்லேண்டிலிருந்து ஊர் சுற்ற வந்தவர் என்றதும், திருநாவுக்கரசுக்குத் தீவின் பாம்பூஃப்ளாட் படகுத்துறையில் நின்றிருந்த உள்ளூர்க்காரன் மிக்கேல் ஒருநாள் திட்டமே போட்டுக் கொடுத்தான்.

“காலையில மலையேறுங்க சார். முதல் வளைவுல துறைமுகமே தெரியும். பக்கத்துக் குடிசையில முந்திரிச் சாராயம் கிடைக்கும். உச்சியில கண்ணுக்கெட்டுற வரைக்கும் கடல். அங்க அரிசிக்கள்ளு.”

“வேற?”

“இறங்கும்போது ஓடைப் பக்கம் தென்னங்கள்ளு. ஏக்தம் அச்சா மால் சார், அசல் நல்ல சரக்கு.”

ஞாயிற்றுக்கிழமை திருநாவுக்கரசு மலையேறினார், ஆறு காவலர்களோடு. தீவுக்குப் புதிதாக வந்திருந்த கலால் அதிகாரி அவர். மாலைக்குள் மூன்று இடத்திலும் பானைகள் உடைந்தன.

கைதானவர்களைக் காவலர்களோடு முன்னால் அனுப்பிவிட்டு, கடைசி ஃபெரியில் சாதாரணப் பயணியாக உட்கார்ந்தார். மிக்கேலின் வெகுளித்தனத்தை நினைக்க நினைக்கச் சிரிப்பு வந்தது.

முன்வரிசையில் ஒருவர் பக்கத்து ஆளிடம் சொன்னார்: “கவலை எதுக்குப்பா? மிக்கேல் காய்ச்சுறது இருக்கே. இனிமே அவனுக்குப் போட்டிக்கும் ஆளில்ல.”