தாக்குப்பிடிப்பீங்களா?

மருத்துவக் கல்லூரியில் சேர வருபவர்களை நேர்காணலில் அங்கே படிக்கும் மாணவர்களும் கேள்வி கேட்பது வழக்கம். இன்று டெவினின் முறை. டையை இறுக்கிக்கொண்டு ஆரம்பித்தான்.

“டிகிரியில மார்க் கம்மி. அதைச் சரிக்கட்டத்தான் மாஸ்டர்ஸா?”

“ஆமாங்க” என்றாள் சேர வந்திருந்த மரிசா. “பேர்போன இடமெல்லாம் கிடைச்சுது. ஆனா, டாக்டருக்குப் படிக்கிறவங்களோடயே உட்கார்ந்து அதே பரீட்சையை எழுதணும்னுதான் இங்க மாஸ்டர்ஸ் சேர்ந்தேன்.”

“ஒரு வருஷம் உட்கார்றது வேற, டாக்டராகுறது வேற. கிட்னி பாடம் ஒண்ணே ஆளைக் கவுத்துடும். தாக்குப்பிடிப்பீங்களா?”

கதவு சாத்தியிருக்கிறதா என்று மரிசா திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

“டேய், போன வாரம் அந்தக் கிட்னி பாடத்தை விடிய விடிய நடத்தி உன்னைப் பாஸ் பண்ண வச்சது யாருடா?”

டெவின் டையைத் தளர்த்தினான்.

“மெதுவாப் பேசுங்க... சாயங்காலம் இதயப் பாடம் உண்டுல்ல, டீச்சர்?”